பின்பக்கத்து மூடி

நம்பினால் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் மாதிரி எடுப்பது என் வேலை. தொழிற்சாலைகள் சாக்கடையில் என்ன கலக்கின்றன என்று மாதம் ஒருமுறை பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். படிவத்தில் என் கையெழுத்து, பக்கத்தில் அங்கே வேலை செய்கிற ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. அதுதான் விதி.

ஒரு சாயப்பட்டறையில் மேனேஜர் காட்டுவது வாசலுக்கு வெளியே உள்ள முன்பக்கத்துச் சாக்கடை மூடி. உள்ளே குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடும். நிஜக் கழிவு பின்பக்கத்து மூடிக்குள் போகிறது என்று மூக்கு உள்ள எவனுக்கும் தெரியும். அந்த நாற்றம் தாங்காது என்றே நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று மாதம் 'சரி' என்று எழுதினேன். சாட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

நான்காம் மாதம். மாலை 6.10. பட்டறை பூட்டியிருந்தது. முன்பக்கத்து மூடியருகே குனிந்தேன்.

"இங்க இல்ல சார். பின்னாடி."

துப்புரவுத் தொழிலாளி ஒருவர் நின்றார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அன்று மழை இல்லை...

பின்னால் கூட்டிப்போனார். இரண்டு பேர் தூக்கும் மூடியை ஒற்றைக் கையால் தூக்கினார். உள்ளே ஊதாக் கூழ். மேலே நுரை. நுரையில் முடிக்கற்றை. வாந்தி எடுத்துவிட்டேன்.

6.22. பாட்டிலை நிரப்பினேன். படிவத்தில் சாட்சிக் கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

"ரேகை விழாது சார். பரவாயில்லையா?"

வைத்தார்.

நிமிர்ந்தேன். ஆள் இல்லை.

மூடி... மூடியிருந்தது.

அடியில் டக்... டக்... டக்...

ஓடினேன்.

மறுநாள் காலை 9.15. எங்கள் இன்ஜினியரிடம் அந்த ஆளைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூன்று வாரம் முன்பு பின்பக்கக் குழாயில் அடைப்பாம். இறங்கியவர் உயிரோடு வரவில்லையாம். அமிலத்தில் கைத்தோல் முழுக்கக் கழன்றிருந்ததாம்.

"கையுறைகூட குடுக்கல. நீதான் சரின்னு எழுதியிருந்தியே."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். மாட்டிக்கொள்வேனே என்று அந்த மூன்று படிவங்களையும் கிழிக்க ஓடினேன். அப்படிப்பட்ட ஈனப்பிறவி நான்.

கோப்பைத் திறந்தேன். அதே நாற்றம்.

நான் காலியாக விட்ட மூன்று சாட்சிக் கட்டங்களிலும் ஊதா நிறக் கைநாட்டு. ரேகை இல்லை.

ஈரம் காயவில்லை.