வெல்டர் மச்சானுக்கு அனுப்பிய படம்

கப்பலின் வயிற்றுக்குள் வெல்டிங் வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஒருவன் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளே, அந்த ஒருவன் நான்தான். பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டர், ஒரு வாளித் தண்ணீர், ஒரு டோர்ச். பற்றவைத்த இரும்புக்குப் பின்னால் எங்காவது ஒரு பொறி விழுந்து, பழந்துணியிலோ பெயின்டிலோ புகைந்துகொண்டிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்று தெரியும் வரைக்கும் காவல். வளைகுடா நாடொன்றில் கப்பல்களைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் பட்டறையில், நீங்கள் பிறப்பதற்கு முன்னால், அதுதான் என் உத்தியோகம். இங்கே மடுல்சீமைத் தேயிலை மலையில், மழையிலும் பனியிலும் வளர்ந்த உடம்புக்கு அந்த இரும்புச் சூடு லேசில் பழகவில்லை.

வேலை முடிந்ததும் வெல்டர்கள் ஏணியில் ஏறிப் போய்விடுவார்கள். என்னோடு வேலை செய்த வெல்டர் மட்டும் போகமாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கத்திலேயே உட்காருவார். "எங்க ஊருப் பட்டறையில, காவலுக்கு நிக்கிறவன விட்டுட்டு வெல்டர் மேல போகமாட்டான்" என்பார். அவர் உக்ரேன்காரர். அந்த நாட்டின் தெற்கே, ஆற்றங்கரையில், கப்பல் கட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு நகரம் அவருடையது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே வகுப்பு என்பதால் எங்களுக்குள் பேச்சு தடைப்பட்டதில்லை. இலங்கைப் பையன்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டு, அது ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டார். சூப்பர்வைசரைக்கூட ஒருநாள் மச்சான் என்று கூப்பிட்டுத் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் வெல்டர் மச்சான்.

அந்த அரை மணி நேரங்களில்தான் அவருடைய ஊர் கால்பந்துக் கழகத்தின் கதை முழுவதையும் நான் கேட்டேன். நூறு வருடத்துக்கும் முந்திய கதை. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய டீம். போட்டி நாளில் பட்டறைச் சங்கு ஊதியதும் அவருடைய அப்பாவும் மற்றவர்களும் கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவாமலேயே மைதானத்துக்கு நடப்பார்களாம். டீமுக்குப் பெயர் மட்டும் நிலைக்கவில்லை. "அரசாங்கம் மாறினா பேரு மாறும். பட்டறைப் பெரியாளு மாறினா பேரு மாறும். எங்க பாட்டனுக்கு ஒரு பேரு, அப்பனுக்கு ஒரு பேரு, எனக்கு ஒரு பேரு" என்று விரல் மடக்குவார். அதில் ஒரு பெயருக்குக் கப்பல் கட்டுகிறவன் என்றே அர்த்தமாம். சோவியத் காலத்தில் ஒரு தடவை பெரிய கோப்பையின் அரையிறுதி வரைக்கும் போனதை, அவருடைய அப்பா தானே பூட்ஸ் போட்டு ஆடியதைப் போலச் சொல்வாராம். நாடு தனியானபின் டீம் மேல் பிரிவுக்கு ஏறும், அடுத்த வருடமே கீழே இறங்கும், மறுபடி ஏறும். "எங்க டீமு லிஃப்ட் மாதிரி மச்சான். நாங்க யாரும் இடையில எறங்கறதில்ல." பிறகு பட்டறைக்கு வேலை வராமல் போனது. பாதி கட்டிய கப்பல்கள் கரையில் அப்படியே நின்றன. அவரைப் போன்றவர்கள் உலகமெல்லாம் சிதறினார்கள். டீம் மட்டும் ஏதோ ஒரு பிரிவில், யாரோ கொடுத்த ஜேர்சியில் ஆடிக்கொண்டேயிருந்தது.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எங்களுக்கும் அப்படியொரு டீம் இருக்கிறது என்று பெருமையடித்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்கிறோம் அல்லவா, அங்கே வேலை செய்தவர்கள் தொடங்கியதால் அது ஸ்டோர் டீம். நான் அதற்குக் கோல்கீப்பர். நம் பெரியவர்கள் மலைச்சரிவை மம்பட்டியால் வெட்டி, பழைய கொழுந்துக் கூடைகளில் மண் சுமந்து, வேலை முடிந்த மாலைகளில் சமமாக்கிய கிரவுண்டு. ஒரு பக்கம் பந்து போனால் நேரே கீழே தேயிலை மலைக்குள் உருண்டுவிடும். உதைத்தவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும், அதுவரை இரண்டு டீமும் தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். இதைச் சொன்னதும் வெல்டர் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு உன் கிரவுண்டுல நான் ஆடினா, பாதி மேட்ச் தேயிலைக்குள்ளதான் இருப்பேன்."

நான் ஊர் திரும்பிய பிறகு கைத்தொலைபேசியில் எங்கள் பேச்சு தொடர்ந்தது. அவரும் ஊருக்குப் போய்விட்டார். இங்கே ஸ்டோரை மூடினார்கள், கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியது. அதை எழுதினேன். "இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்று பதில் வந்தது. பிறகு அங்கே யுத்தம். ஒருநாள் ஒரு படம் அனுப்பினார். அவருடைய டீமின் மைதானத்துப் புல்லில் ஒரு பெரிய பள்ளம், பக்கத்தில் உடைந்த இருக்கைகள். கீழே ஒரே வரி: "உன் கிரவுண்டு எப்படி மச்சான்?" நான் அப்போதே ஓடிப்போய்ப் படம் எடுத்தேன். பனி, கோல் கம்பம், வெறுங்காலோடு நாலைந்து பையன்கள். தன் ஊரில் பந்து விளையாடும் பிள்ளைகளிடம் அதைக் காட்டினாராம். மலைமேல் இருக்கிற கிரவுண்டை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு பையன் சொன்னானாம். அவர்களுடைய டீம் அடுத்தவர் ஊர்களில்தான் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் அடிக்கடி படம் கேட்பார், நானும் அனுப்புவேன்.

அப்புறம் அந்தப் பெருமழை வந்தது. நாம் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே மலை வெடிப்பு விட்டு நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். பதுளையிலிருந்து வந்த அதிகாரிகள் சுவரில் சிவப்பு அடையாளம் போட்டு, இனி இங்கே படுக்கக்கூடாது என்றார்கள். புது வீடு கட்டத் தோட்டத்தில் சமமான நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நம் கிரவுண்டு. அங்கேயே கூட்டமும் போட்டோம்.

"மேல தேயிலையப் புடுங்கிட்டுக் கட்டுங்களேன்" என்றான் டீமில் ஆடும் ஒரு பையன்.

"அதுவும் சரிவுதானடா. சரிவுலேருந்து ஓடியாந்து சரிவுலயே படுக்கச் சொல்றியா?" என்றார் தோட்டத்துச் சங்கத் தலைவர்.

"மனுசனுக்கு உசிரு இருக்கா, கோல் போஸ்ட்டுக்கு இருக்கா?" என்றார் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா.

"இந்தத் தோட்டத்துல ரெண்டுக்கும் இல்ல அக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்கள். கிரவுண்டுக் கமிட்டித் தலைவர் நான். நான் வேண்டாம் என்றால் பையன்கள் எல்லாரும் என் பின்னால் நிற்பார்கள், காரியம் இழுபடும். அடுத்த மழை அதற்காகக் காத்திருக்காது.

நான் கையைத் தூக்கினேன். மற்றக் கைகள் அதற்குப் பிறகுதான் எழுந்தன.

பிள்ளைகளே, அது சரியான முடிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அந்த வெடிப்புக்கு நேர் கீழே இருந்தது, லயத்தில் நாம் குடியிருந்த காம்பராதான். தோட்டத்துக்காகத் தூக்கிய கையா, என் கூரைக்காகத் தூக்கிய கையா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஸ்டோர் டீமில் ஆடும் உங்கள் அண்ணன் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "நீங்க கீப்பரா நின்னப்பகூட இவ்வளவு வேகமா கையத் தூக்கலியாமே அப்பா." அதற்குப் பிறகு என்னிடம் பந்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். வீடு கட்டி முடிந்து நாம் குடிபோன அன்றும் பேசவில்லை.

அத்திவாரம் வெட்டிய வாரத்திலேயே வெல்டர் மச்சான் படம் கேட்டிருந்தார். என்னால் உண்மையை எழுத முடியவில்லை. அங்கே கிரவுண்டைக் குண்டு உடைத்தது, இங்கே நாமே மம்பட்டி எடுத்தோம் என்று எப்படி எழுதுவது? அவர் பார்க்காத பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டேன். அப்போதும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, படம் நம் கிரவுண்டுதானே என்று இருந்தேன்.

மறுநாள் அவர் அனுப்பிய குரல் பதிவில் அவ்வளவு சந்தோஷம். "மச்சான், பின்னால ஸ்டோர்ல பொக வருதே! திரும்பத் தொறந்துட்டாங்களா? பையங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பட்டறை திரும்பத் தொறக்கும்டா, இந்தா பாரு, மலைமேல தொறந்திருச்சுன்னு சொல்லிட்டேன்."

படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், தூரத்தில், ஸ்டோர்ப் புகைக்கூண்டிலிருந்து புகை. மூடுவதற்கு முன் எடுத்த படம். நான் பந்தைத்தான் பார்த்திருந்தேன். பட்டறைக்காரர் புகையைப் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பதில் அனுப்ப எனக்கு வெகுநாள் பிடித்தது. நாம் குடிவந்த பிறகு, ஒருநாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் நானும் குரலிலேயே சொல்லி அனுப்பினேன். ஸ்டோர் திறக்கவில்லை, கிரவுண்டு இல்லை, அங்கே வீடு இருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வீடு கட்டினதுக்கு நான் என்ன சொல்ல மச்சான். புள்ளைங்க தூங்கணும்ல. ஆனா எங்க பையங்ககிட்ட நான் இப்ப என்ன சொல்றது?" என்று குரல் பதிவு வந்தது. பிறகு, "உங்க பையங்க எங்க வெளயாடுறாங்க?" என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது, நானும் கேட்டிருக்கவில்லை. உள்ளே படித்துக்கொண்டிருந்த உங்கள் அண்ணன் எழுந்து வந்தான். என் கையிலிருந்து போனை வாங்கி, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தானே பேசி அனுப்பினான். "அங்கிள், எங்களுக்கு இப்ப எல்லா மேட்சும் வெளியூர்தான். அப்புத்தளைக்குப் போறோம், பதுளைக்குப் போறோம். பஸ்ஸுலயே ஜேர்சி மாத்திக்கிறோம். உங்க டீம் மாதிரியே."

அன்று பின்னேரமே பதில் வந்தது. "அதுல ஒரு வசதி இருக்கு தம்பி. தோத்துட்டுத் திரும்பி வந்தா, ஊர்ல யாரும் பார்த்திருக்க மாட்டாங்க." உங்கள் அண்ணன் வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். எந்த ஊரில் ஆடினார்கள், யார் கோல் போட்டது, அந்த ஊர்ப் புல் எப்படி என்று அங்கிருந்தும் இங்கிருந்தும் படங்கள் போகின்றன, வருகின்றன. வெல்டர் மச்சான் எனக்கும் வணக்கம் சொல்லி அனுப்புகிறார், உடம்பைக் கேட்கிறார். படம் மட்டும் என்னிடம் கேட்பதில்லை.