செல்வியை அனுப்பாத அக்கா

உறவினர்களே, நண்பர்களே, ஓராண்டு அழுதாயிற்று. இன்று எங்கள் அக்காவைப் பற்றி நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவோம். மூக்கைச் சிந்துகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அக்கா பிறந்தது ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா காலமானதும் அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. டிப்ளமோ முடித்த கையோடு அக்கா அம்பத்தூரில் பிரேக் ரப்பர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். தம்பியான என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். நெமிலிச்சேரியில் வீடு கட்டினார். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கோபக்காரர். வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் தெருவுக்கே தெரியும். அதே அக்கா, தாம் சூப்பர்வைசராக இருந்த உற்பத்தி லைனில், தப்பு செய்துவிட்டேன் என்று வந்து சொன்னவர்களிடம் குரலை உயர்த்தியதே இல்லையாம். நாங்கள் நம்பவில்லை.

ஒருநாள் லோடு லாரி கிளம்பிய பிறகு, செல்வி என்ற தொழிலாளி ஓடி வந்திருக்கிறார். "அக்கா, ரெண்டு சைசு ரப்பரையும் கலந்து பேக் பண்ணிட்டேன் போல கீதுக்கா."

கரையான்சாவடி வரை போய்விட்ட லாரியை அக்கா போன் செய்து திருப்பினார். பெட்டிகளைப் பிரித்தால், செல்வி சொன்னது சரி. பிரேக் விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. மேலாளர் கொதித்துப்போய் செல்வியை அன்றே நிறுத்தச் சொன்னார்.

"சார், அவ சொன்னதாலதான் லாரி திரும்பி வந்துச்சு. இன்னைக்கு அவளை அனுப்பினா நாளைக்கு எவ வந்து சொல்லுவா?"

"அப்போ யார் பொறுப்பு?"

"லைன் என்னுது சார். நானே பொறுப்பு."

செல்வியின் வேலை தப்பியது. அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அக்காவுக்கு வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வீட்டில் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். பிறகு, "ஒக்காந்து பொலம்பினா லைன் ஓடுமா?" என்று தாமே தேறிக்கொண்டார். அதன்பின் அந்த லைனில் யாரும் தப்பை மூடி மறைத்ததில்லை.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும், "லீவு போட்டுட்டு யாரும் வராதீங்க" என்று தோழிகளை விரட்டினார். அவர்கள் கேட்டால்தானே!

ரத்தம் கொடுத்த அந்தத் தோழிகளுக்கும், கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், உடனிருந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், பழசை மனதில் வைக்காமல் முதல் ஆளாக வந்து நின்ற மேலாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த லைனுக்கு இப்போது செல்விதான் பொறுப்பு. கல்லறைத் திருநாளன்று அக்காவின் கல்லறைக்கு வந்திருந்த அவருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"புதுப் பொண்ணு ஒண்ணு தானா வந்து தப்ப சொல்லிச்சுக்கா. அத்த வேலைய விட்டு நிறுத்தச் சொல்றாங்க. நாளைக்கு என்னிய ஆபீசுல கூப்ட்டுக்கீறாங்க. பயமாத்தான் கீது. ஆனா உட மாட்டேன்க்கா."