ஒரு திட்டுக்காக

டாக்காருக்குப் பக்கத்து ஊரான ருஃபிஸ்கில், சந்தைக்குப் பின்னால் உள்ள தையல் கடையில் ஃபமாரா சானேயைத் தெரியாதவர் கிடையாது. ஜோலா இனத்துக்காரர். பெருநாள் அங்கிக்குக் கழுத்து வேலை செய்ய அவரை விட்டால் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். எதிர் மிஷினில் லாத்திர் ஃபாய். வயதில் சின்னவன், செரேர் இனத்துக்காரன். ஜோலாவும் செரேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்கக் கூடாது என்பது அந்த மண்ணின் சட்டம். ஒருவனை ஒருவன் அடிமை என்று கூப்பிட வேண்டும், வயிற்றைப் பழிக்க வேண்டும். நம் மாமன் மச்சான் கேலியை விட நாலு மடங்கு காரம். அதில் எவன் கோபித்துக்கொள்கிறானோ அவனுக்குத்தான் அவமானம்.

மத்தியானம் முதலாளி வீட்டிலிருந்து பெரிய தாம்பாளத்தில் மீன் சோறு வரும். எல்லோரும் பாயில் சுற்றி உட்கார்ந்து கை வைப்பார்கள். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. ஃபமாராவின் கை மட்டும் எல்லை தாண்டும்.

"டேய் அடிமை, என் பக்கம் என்னடா உனக்கு வேலை? உங்க ஊர்ல பஞ்சமா?"

"எசமான் கைக்கு எல்லை ஏதுடா? நீ கம்பங்கூழுக்குப் பொறந்தவன். உனக்கு எதுக்கு மீனு?"

இப்படித் திட்டிக்கொண்டே தின்று முடிப்பார்கள். சோறு செரித்ததே அந்தத் திட்டில்தான்.

ஒரு மழைக்காலத்தில் ஃபமாராவின் நகங்களில் ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள் விழுந்தன. தையல்காரன் கையில் ஊசிக்குத்து புதிதா என்று அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு நகங்கள் தடித்து மஞ்சளாயின. உள்ளங்கை வெடித்து, செதில் செதிலாக உரிந்தது. கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடி விழுந்தால் யாருக்குத்தான் தெரியாது?

முதலாளியின் மனைவி அவருக்குத் தனித் தட்டு அனுப்பத் தொடங்கினாள். அதில் இருப்பதிலேயே பெரிய மீன் துண்டு. நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனசு செய்கிற கொடுமையை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். லாத்திர் மரியாதைக்காரனாக மாறியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

அண்ணனாம்! அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைத்தது. மூலையில் தனியாக உட்கார்ந்து பெரிய மீனைத் தின்றபடி, யாராவது தன்னை அடிமை என்று கூப்பிட மாட்டார்களா என்று அந்த மனிதர் ஏங்கினார். இவன் அருவருத்துத்தான் ஒதுங்கிவிட்டான் என்று நினைத்து வீட்டில் அழுதுமிருக்கிறார்.

கடைசியில் டாக்காருக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கையுறை போடாமல் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். சொரியாசிஸ் என்றாள். "யாருக்கும் ஒட்டாது. மருந்து போட்டா அடங்கும், மறுபடி வந்தாலும் வரும். உங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?" அப்பாவின் முழங்கைகள் அவருக்கு நினைவு வந்தன.

கடையில் வந்து சொன்னார். எல்லோரும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள். மறுநாளும் தனித் தட்டு வந்தது.

ஃபமாரா அந்தத் தட்டை எடுத்துப் போய்த் தாம்பாளத்தில் அப்படியே கவிழ்த்துவிட்டு, பாயில் உட்கார்ந்தார். லாத்திர் மட்டும் எழுந்து வாசலுக்குப் போனான். அவரும் பின்னாலேயே போனார்.

"என் கை பட்டா ஒட்டிக்கும்னு பயமாடா?"

"உங்க கைக்குப் பயப்படலண்ணே. என் வாய்க்குத்தான் பயப்படறேன்."

"என்னடா உளர்றே?"

"அந்த மழைக்கு முன்னாடி நான் சொன்னது ஞாபகமில்லையா? 'என் மீனைத் திருடுற கை அழுகிப் போகும்'னேன். அடுத்த மாசமே உங்க நகம் போச்சு. எனக்குக் கரிநாக்குண்ணே. நான்தான் உங்களைக் கெடுத்தேன்."

ஃபமாராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அட கூமுட்டை! எங்கப்பாவுக்கு முழங்கையெல்லாம் இதேதான். அப்ப நீ பொறக்கவே இல்லடா. ஒரு அடிமை வாய்க்கு அவ்வளவு சக்தியா? அப்படின்னா முதலாளி கூலியைக் கூட்டிக் குடுப்பாருன்னு சொல்லித் தொலையேன், பலிக்குதா பாப்போம்."

லாத்திர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். உள்ளே வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தாம்பாளத்தில் கை வைத்தான். மற்றவர்களும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஃபமாரா வேண்டுமென்றே அவன் பங்கில் கையை விட்டு மீனைப் பிய்த்து எடுத்தார். எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

லாத்திர் திட்ட வாயெடுத்தான். பலித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. மிச்சமிருந்த மீனில் முள்ளை எடுத்துவிட்டு அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

"சாப்பிடுங்கண்ணே."

சாப்பிட்டார். ஊரோடு ஒரே தாம்பாளத்தில், கையோடு கை இடிக்கச் சாப்பிட்டார். ஆனாலும் அந்தத் திட்டு மட்டும் வரவில்லை.

இப்போதும் ஃபமாரா தினமும் அவன் பங்கில் கை போட்டுத் திருடிவிட்டு, ஒரு நொடி காத்திருக்கிறார். லாத்திர் முள்ளெடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.