முழங்காலில் கட்டிய கயிறு

ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று இந்தச் சபைமுன் உறுதியளிக்கிறேன். டாக்டர் மங்கையர்க்கரசி இறந்துபோனதை நானே இன்னும் நம்பவில்லை.

"மாமா, உங்க காலைக் காப்பாத்துன டாக்டரம்மா தவறிட்டாங்களாம்." தங்கை மகள் போனில் சொன்னபோது வரப்பில் நின்றிருந்தேன், வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவர் கைபட்ட கால்களோடு டெல்டா முழுக்க நடமாடும் உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் காலில் ஏறியது சேற்றுழவு டிராக்டரின் இரும்புச் சக்கரம். எலும்பு முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கழுவியபோது என் காலுக்குள்ளிருந்து அரை வேலி நிலத்துச் சேறு வந்தது. அதில் ஒரு போகம் குறுவை எடுத்திருக்கலாம். காலை முழங்காலோடு எடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது.

"எலும்பைச் சேர்த்துடலாம். ஆனா அதை மூட உசிருள்ள சதை வேணும். இல்லேன்னா சீழ் பிடிச்சுக் கால் போயிடும்" என்றார் டாக்டர் மங்கையர்க்கரசி. கெண்டைக்கால் சதையைத்தான் திருப்பிப் போடப்போவதாகச் சொன்னார்.

"வயித்துல மலை மாதிரி இருக்கே, அங்கேருந்து எடுத்துக்குங்களேன்."

"அது வெறும் கொழுப்புங்க. ரத்த ஓட்டம் பார்த்தா உங்க நாக்குதான் ஏ ஒன். எடுத்துட்டா ஊருக்குப் பொழுது போகாதேன்னு விட்டு வச்சிருக்கேன்."

ரத்தக்குழாய் அறாமல் அந்தச் சதையை முன்பக்கம் கொண்டுவந்து எலும்பின்மேல் போர்த்தினார். தொடைத் தோலைச் சீவி அதன்மேல் ஒட்டினார். அறுவை முடிய ஆன நேரத்தில் மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கே வந்துவிட்டது. காலைச் சுற்றிய கட்டுத்துணியில் ஒரு சன்னல் விட்டிருந்தார், சதையின் நிறம் பார்க்க.

மறுநாள் முத்துப்பேட்டையிலிருந்து அக்கா மந்திரித்த கயிற்றோடு வந்தாள். அடிபட்ட இடத்தில் கட்டுவதுதானே எங்கள் வழக்கம். முழங்காலில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். கால் வீங்கியது, கயிறு பதிந்தது, மாலைக்குள் சன்னலில் தெரிந்த சதை நாவல்பழமாகக் கறுத்தது.

டாக்டர் வந்தார், பார்த்தார், கத்தரியால் கயிற்றை வெட்டினார்.

"சாமி கயிறும்மா" என்று அக்கா அழுதாள்.

"சாமி கையிலயும் இருப்பாருக்கா. கையில கட்டுங்க. கால்ல ஏறுன ரத்தம் திரும்பி வரணும்ல."

பிறகு உட்காரவே இல்லை. விரலால் சதையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, அது சிவக்கும்வரை கட்டிலருகே நின்றார்.

காய்ச்சலில் அவர் நிறம் மாறியபோது பக்கத்தில் நின்று பார்க்க யாராவது இருந்தார்களா?

சேற்றின் அளவையும் மேட்டூர்த் தண்ணீரையும் தள்ளிவிடுங்கள். அந்த அம்மாளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று இத்தனை நாளாக ஊரெல்லாம் நான் அடித்துவிட்டதையும் தள்ளிவிடுங்கள். சின்னதாக ஒன்று மட்டும் நிஜம்: கயிற்றை வெட்டும்போது அவர் கை நடுங்கியது. என் காலுக்காக வேறொருவர் பட்ட அந்தப் பயம்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.