போறணையின் முதுகில் கிடந்த பிள்ளை

உரும்பிராயில் இரண்டு, சுன்னாகத்தில் மூன்று, உடுப்பிட்டியில் ஒன்று, தீவுப் பக்கத்தில் இன்னும் நாலு. பேக்கரிகளில் பாண் சுடுகிற இந்தப் போறணை அடுப்புகள் அத்தனையும் நான் கட்டினவை. சீமெந்து வராத காலத்தில் புற்றுமண்ணையும் பனங்கட்டிப் பாணியையும் குழைத்துக் கட்டினேன். செங்கல் கிடையாத காலத்தில், சண்டையில் செல் விழுந்து இடிந்த வீடுகளின் கல்லைப் பொறுக்கிக் கட்டினேன். இரும்புக் கதவுக்குப் பழைய லொறியின் தகட்டை வெட்டினேன். இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடந்தபோதும் எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கவைத்து, மண்ணால் மூடி, சனத்துக்குப் பாண் சுட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன் நான். ஒரு என்ஜினியர் வந்து என்ரை போறணையின் வளைவை அளந்து பார்த்துவிட்டு, "ஐயா, உந்தக் கணக்கு எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டார். "மாவைத் தூவிப் பாத்துப் படிச்சனான்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், தங்கச்சியின் மணிவிழா மலரைத் தயாரிக்கிற தம்பிமார், அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். எத்தனையோ டொக்டர்மாரை உருவாக்கினாள். எல்லாம் சரி. ஆனால் முதல் வரியில், "குறைமாதத்தில் பிறந்து, தாய்மாமனின் பராமரிப்பால் உயிர் தப்பினார்" என்று கிடக்கிறது. அந்த வரி பிழை. என்ன நடந்ததென்று அங்கே நின்றவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கார்த்திகை மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. றோட்டில் முழங்காலளவு வெள்ளம். விடிகிற நேரம் அம்மாவுக்குத் திடீரென்று வலி வந்தது. ஊர் மருத்துவிச்சி குடையும் சேலைத் தலைப்புமாக ஓடிவந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகக் கார் பிடித்துவர எங்களைப் பெற்ற ஐயா சைக்கிளில் வெளிக்கிட்டார். அவர் படலையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மாதம் வயிற்றில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை. நாலு றாத்தல் பாணைச் சேர்த்துத் தூக்கினால் என்ன பாரமோ அவ்வளவுதான். அழவில்லை. முனகியது.

மருத்துவிச்சி பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "சூடு இறங்குது பிள்ளை. இதைச் சூட்டிலை வைச்சிருக்க வேணும். இல்லாட்டி மத்தியானம் தாண்டாது."

அறைக்குள் பெரியம்மாவின் ஆட்சி. அம்மாவின் தமக்கை. அவ ஒன்றும் செய்யாமல் இருந்தா என்று சொல்ல மாட்டேன். நெருப்புச் சட்டி கொண்டுவந்து வைத்தா. கல்லைச் சுடவைத்துச் சீலையில் சுற்றிப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தா. ஆனால் எங்கள் வழக்கப்படி பிள்ளையைச் சுளகில் கிடத்தி, சுளகைச் சீமெந்து நிலத்தில் வைத்தா. அந்த நிலத்தைப் பிள்ளைப்பேற்றுத் தீட்டு, துடக்கு, கழியட்டும் என்று மஞ்சள் தண்ணீரால் இரண்டு தரம் துடைத்தும் இருந்தா. நான் மாமாவின் பேக்கரியில் வளர்ந்த பெடியன். சுடச்சுட இறக்கின பாணை ஈரச் சீமெந்தில் வைத்தால் அடி என்னமாய்க் குளிர்ந்துபோகும் என்று எனக்குத் தெரியும். பலகையில் சாக்கு விரித்து வைத்த பாண் மத்தியானம் வரைக்கும் சுடும். நெருப்புச் சட்டியின் சூடு பிள்ளையின் கன்னத்தில் ஒரு பக்கம் படும், மறுபக்கம் பச்சைத்தண்ணி. மிச்சச் சூடெல்லாம் ஓட்டு இடுக்கால் மேலே போய்விடும். கதவின் கீழால் ஊதல்காற்று நுழையும். யாராவது கதவைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் பிள்ளை நடுங்கும். பிறகு நடுங்குவதையும் விட்டுவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

மாமாவின் பேக்கரி எங்கள் வளவுக்குப் பின்னால், கிடுகு வேலிக்கு அங்காலே. இராமுழுக்கப் பாண் சுட்டு, விடியத் தணலை வாரி வெளியே போட்டாலும், போறணை பின்னேரம் வரைக்கும் ஆறாது. ஆனால் அங்கே போகலாமோ? பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, பிறத்தியார் அடுப்படியில் நிற்கக்கூடாது. பாண் ஊர் முழுக்கப் போகிற சாமான். அதனால் மாமாவே வேலிக்கு அங்காலே நின்றுதான் விடிய விசாரித்துவிட்டுப் போனார். பெரியம்மா என்னைப் பார்த்து விரலை நீட்டினா. "பேக்கரிப் பக்கம் காலெடுத்து வைச்சியோ, முறிச்சுப் போடுவன்."

பத்து மணி இருக்கும். மருத்துவிச்சி பஞ்சு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். ஐயாவைக் காணவில்லை. அம்மா கண்ணை மூடிக் கிடந்தா. திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டா: "மோனை, உந்தப் பூனை இப்ப எங்கை படுக்கிறது?"

"மாமான்ரை போறணைக்கு மேலை. நாலு குட்டி."

"குட்டியளுக்குக் குளிராதோ?"

"மழையெண்டாலும் குளிராதம்மா. மணல் சுடும்."

அம்மா காய்ச்சலில் பினாத்துகிறா என்று நினைத்தேன். செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூனைக்குட்டியைப் பற்றிக் கதைக்கிறா. பிறகு, "அக்கா, ஒருக்காச் சுடுதண்ணி கொண்டு வாவன்" என்று பெரியம்மாவைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. பூனை!

சேட்டைக் கழற்றினேன். பிள்ளையை எடுத்து வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே சாக்கைப் போர்த்தினேன். உறைந்த மீனை நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. வேலிப் பொட்டால் குனிந்து நுழையும்போது கிடுகிலிருந்து தண்ணீர் என் முதுகில் ஊற்றியது. பிள்ளையில் ஒரு சொட்டும் பட விடவில்லை. பேக்கரிக்குள் மாமா மாச்சாக்குகளின் மேல் குப்புறக் கிடந்து குறட்டை விட்டார். விறகு அடுக்கில் ஒரு கையால் பிடித்து ஏறினேன். மூன்றாவது கட்டை உருண்டது. மாமாவின் குறட்டை நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். குறட்டை திரும்பத் தொடங்கியது.

போறணையின் முதுகில் ஒரு முழத்துக்கு மணல் போட்டிருக்கும், சூடு மேலால் போகாமல் இருக்க. அதன் நடுவில் கையை வைத்தால் கொப்புளம் போடும். எந்த நேரம் எந்த இடம் சரி என்று பூனைக்குத் தெரியும். விடிய, விளிம்பில் கிடக்கும். போறணை ஆற ஆற, குட்டிகளைக் கவ்விக்கொண்டு உள்ளுக்கு உள்ளுக்கு நகரும். இப்போது புகைபோக்கிச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளிக் கிடந்தது. சீறியது. நானும் சீறினேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பாண் பலகையைப் போட்டு, மேலே சாக்கை மடித்து, பிள்ளையோடு படுத்தேன். கீழே மணல், ஒரு பக்கம் வெந்த சுவர், மறுபக்கம் நான். அந்தச் சுவரைத் தொட வேண்டியதில்லை. தள்ளிக் கிடந்தாலே வெயிலில் நிற்கிற மாதிரி முகத்தில் அடிக்கும்.

பிள்ளையின் உதடு நீலம். அசையவில்லை.

அந்த நேரம்தான் வீட்டில் குசினிப் பாத்திரம் விழுகிற சத்தமும் பெரியம்மாவின் குரலும் சேர்ந்து வந்தன. "ஐயோ, பிள்ளையைக் காணேல்லை!"

மாமா துடித்து எழும்பினார். "ஆரடா மேலை?"

"நான்."

"துடக்கு வீட்டிலை இருந்து இதுக்குள்ளை ஏன்ரா வந்தனி? கையிலை என்ன?"

"தங்கச்சி."

பெரியம்மா மழையில் நனைந்து, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வாசலில் நின்றா. "தம்பி, உன்ரை பேக்கரி அழிஞ்சு போச்சு! நாளைக்கு உன்ரை பாணை நாயும் மோந்து பாக்காது! இறக்கு அந்தப் பெடியனை!"

மாமா விறகில் ஏறி வந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்து பிள்ளையை மூடினேன். அவர் புறங்கையைப் பிள்ளையின் பாதத்தில் வைத்தார். மா புளித்துவிட்டதோ என்று பார்க்க வைக்கிற அதே புறங்கை. கன நேரமாகக் கையை எடுக்கவில்லை. பிறகு வாசலைப் பார்த்தார்.

"அக்கா, கதவைச் சாத்து. சூடு போகுது."

"நான் துடக்கோடை உள்ளுக்கு வரேலாது."

"அப்ப வெளியிலை நிண்டு சாத்து."

கதவு சாத்துப்பட்டது. மாமா மற்றப் பக்கம் வந்து படுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை. ஓட்டில் மழை. மாமா இடைக்கிடை பிள்ளையின் மூக்கடியில் விரலை வைப்பார், எடுப்பார், என்னைப் பார்க்க மாட்டார். ஒரு தரம் விரலை எடுக்காமலே வைத்திருந்தார்.

பிறகு ஒரு மெல்லிய சத்தம்.

"பூனைக்குட்டி கத்துது" என்றார் மாமா.

நான் எட்டிப் பார்த்தேன். "இல்லை மாமா. குட்டியள் நாலும் பால் குடிக்குதுகள்."

மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சத்தம் இன்னொரு தரம் வந்தது, கொஞ்சம் பலமாக. வாசலுக்கு வெளியே பெரியம்மா, நல்லூரானே, முருகா, நல்லூரானே என்று குளறத் தொடங்கினா.

பின்னேரம் ஐயா ஒரு டொக்டரை உழவு மெசினில் ஏற்றி வந்தார். அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, பிள்ளையை இறக்க வேண்டாம், தாயை இங்கே கொண்டுவாருங்கள் என்றார். அம்மாவைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பிள்ளை தேறும்வரை அங்கே கிடந்த அவ்வளவு நாளும் மாமா ஒரு பாணும் சுடவில்லை. விடிய நாலு விறகை எரித்துத் தணலை வாருவார், போறணை ஆறாமல் இருக்க மட்டும். கேட்டு வந்தவர்களுக்கு, "போறணை வெடிச்சுப் போச்சு" என்று சொன்னார். என்னிடம், "வாயைத் திறந்தியோ, தோலை உரிப்பன்" என்றார். பிள்ளை தேறி வீட்டுக்குப் போன மறுநாள், அலவாங்கை எடுத்துப் போறணையின் வளைவை இடித்தார். நல்ல போறணை! ஒரு கீறல் கிடையாது! மாமாவுக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். புதுக் கல்லால் திரும்பக் கட்டினார். நான் கல் எடுத்துக் கொடுத்தேன். என்ரை தொழில் அன்றைக்குத்தான் தொடங்கியது. சொன்ன பொய்யை உண்மையாக்கவும், துடக்குப் போறணைப் பாண் என்று ஒருவரும் முகம் சுளிக்காமல் இருக்கவும்தான் அவர் அதை இடித்தார் என்பது விளங்க எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது.

தங்கச்சி கரும்பலகையில் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்று சொல் எழுதி, வெப்பம் நகருகிற விதத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். ஈரச் சீமெந்து உறிஞ்சினது, கதவிடுக்குக் காற்று கொண்டுபோனது, சுவர் தள்ளிநின்று கொடுத்தது. மூன்றும் பிறந்த அன்றைக்கே அவளுடைய உடம்பில் நடந்தவை. அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்ரை மூத்தவள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு பூனை படுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சலே இல்லை. பூனை எங்கே படுக்குது என்று என்னிடம் கேட்டா. அக்காவைச் சுடுதண்ணிக்கு அனுப்பினா. சுவர்ப்பக்கம் திரும்ப முன்னம், சுளகைக் கையால் என் பக்கம் தள்ளியும் விட்டா. நான் பிள்ளையைத் தூக்கும்போது அவவின் முதுகு குலுங்கியது. குளிரென்று நினைத்தேன். தன் வாயால் சொன்னால் தமக்கை சொல்லை மீறினவளாவா, தம்பியின் பேக்கரியைக் கெடுத்தவளாவா. ஒன்பது வயதுப் பெடியன் செய்தால் வெறும் சின்னப்பிள்ளைக் குழப்படி. அவ்வளவுதான்.

ஆகையால் யோசனை அம்மாவின்ரை. ஒத்துக்கொள்கிறேன். கதவைச் சாத்தச் சொன்னது மாமா, போறணையை இடித்ததும் மாமா. அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பிமாரே, மழைக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனது ஆர்? மலரில் அந்த முதல் வரியை வெட்டுங்கள். "தமையன் நெஞ்சில் வைத்துத் தூக்கிச் சென்றதால் உயிர் தப்பினார்" என்று போடுங்கள். அம்மாவின் பெயரை எனக்கு மேலே போடலாம். மாமாவின் பெயர் எனக்குக் கீழே.