மத்தியான நிறுவை

பதுளையில் நடந்த வார இறுதி டிப்ளோமா வகுப்புக்கு நான் போனது கணினி மேல் உள்ள ஆசையால் அல்ல. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் டைப் அடித்தே காலம் போய்விடுமோ என்ற பயத்தால்தான். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து அந்தப் பாழாய்ப்போன ரோட்டில் பஸ்ஸில் குலுங்கிப் போய் இறங்கும்போது, படித்ததில் பாதி வழியிலேயே கொட்டிப் போயிருக்கும்.

அங்கே ஒரு பாடம் வந்தது. நிஜத்தில் நிற்கும் வரிசையைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது. எல்லாவற்றையும் நிகழ்வு நிகழ்வாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓர் ஆள் வருகிறார், காத்து நிற்கிறார், வேலை முடிகிறது, வெளியேறுகிறார். ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே எதுவும் கிடையாது, கடிகாரம் தாவிவிடும். வெளியேறியவரைக் கணினி அழித்துவிடும். எங்கே போனார் என்று கேட்காது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

தெரிந்த ஒரு வரிசையைச் செய்து வாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் வங்கி, ஆஸ்பத்திரி என்று எடுத்தார்கள். நான் எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தை, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையை, எடுத்தேன். என் அக்கா அங்கேதான் தினமும் நின்றாள். அவளுடைய கைக்குழந்தை மடுவத்துக்குக் கீழே இருந்த பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருந்தது. மத்தியானச் சங்கு ஊதியதும் மலையிலிருந்து இறங்கி, இருந்த ஒரே தராசில் கொழுந்தை நிறுத்துவிட்டு, அவள் பால் கொடுக்க ஓடுவாள். வரிசை நீண்டால் ஓட நேரம் இருக்காது. பால் கட்டி மார் வலிக்கிறது என்று சாயங்காலம் லயத்து வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். இன்னொரு தராசு வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என் படிப்பின் நோக்கம்.

முதல் தடவை ஓட்டியதில் யாருமே காத்து நிற்கவில்லை! புத்தகத்தில் இருந்தபடி, வங்கிக்கு வருவது போல ஆட்களை ஒவ்வொருவராக வரவிட்டிருந்தேன். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் புத்தி எங்கே போயிற்று? கங்காணி இறங்காமல் எவள் இறங்குவாள்? இறங்கினால் கூட்டத்தோடுதான் இறங்குவார்கள். அதை மாற்றியதும் திரையில் வரிசை மளமளவென்று வளர்ந்தது. இரண்டாவது தராசைச் சேர்த்தேன், பாதியாகக் குறைந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

துரை என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. கவனமாகப் பார்த்தார். பிறகு, மத்தியான நிறுவையை எடுத்துவிட்டால் என்ன ஆகும், போட்டுக் காட்டு என்றார். கொழுந்தைப் பேர் எழுதிய சாக்கில் கட்டி மலையிலேயே வைத்து, சாயங்காலம் ஒரே தடவை நிறுப்பது. போட்டேன். மத்தியானக் காத்திருப்பு பூச்சியம் என்று வந்தது. அவர் முகம் மலர்ந்தது. கைக்குழந்தைக்காரிகள் அந்த நேரத்தில்தான் கீழே வருகிறார்கள் என்று அவசரமாகச் சொன்னேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "இதில புள்ள எங்க இருக்கு? காட்டு."

"காம்பராவுல இருக்குங்க," என்றேன்.

தராசு வாங்கும் செலவில்லாமல் பிரச்சினை தீர்ந்தது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார். நிறுவை நின்றது. சோறும் மலையிலேயே என்றாயிற்று. தனியாக இறங்கிப் போனால் அரை நாள் பேர்தான், பாதிச் சம்பளம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கணினியைத் தூக்கி ஆற்றில் போடலாம் போலிருந்தது. சங்கத் தலைவரிடம் போனேன், பேசிப் பார்க்கலாம் என்றார். மடுவத்தைத் தாண்டிக் காம்பரா வரைக்கும் நிகழ்வுகளை நீட்டி, பிள்ளையின் பசியையும் சேர்த்து மறுபடி ஓட்டி, வந்ததைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். துரை அந்தத் தாளின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

அக்கா துணியால் மாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அப்படியும் நனைந்தது. இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டி மறைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் அவளோடு காம்பராவுக்குப் போனேன். பிள்ளை ஆயா மடியில் போத்தல் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா வாங்கி மாரில் போட்டாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, போத்தல் இருந்த பக்கம் கையை நீட்டி வீறிட்டது. திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஆயாவிடமே கொடுத்துவிட்டு ரவிக்கையைப் பூட்டினாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"ஒன் பொட்டியில இப்ப யாரும் வரிசையில நிக்கலதானே?" என்று கேட்டாள்.

"இல்லக்கா," என்றேன்.