ஓட்டைப் பானைச் சீர்

மகளின் புது வீட்டுக்கு நான் கொண்டுபோன பானையில் தண்ணீர் ஊற்ற முடியாது. அரிசி போட்டால் அதுவும் கொட்டிவிடும். தெரிந்துதான் அப்படிச் செய்தேன். பூவரசங்கட்டையில் கடைந்த பானை அது, உடம்பு முழுக்க ஓட்டை.

செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற கையோடு, மாமல்லபுரத்து வீட்டின் கார் ஷெட்டில் மரம் கடையும் லேத் ஒன்றை வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து கார் வெயிலில் நிற்கிறது. அதற்காக என் கணவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. தெருவில் இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள். அவர்கள் கல்லில் உளியை வைத்தால் நான் மோட்டாரைப் போட்டுவிடுவேன். சத்தத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

கடற்கரையில் பார்ப்பதையெல்லாம் மரத்தில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கொரு வெறி. சங்கு, தாழம்பழம், நுங்கு எல்லாம் ஆயிற்று. ஒருநாள் காலை ஈர மணலில் நண்டு வளைகளைப் பார்த்தேன். இங்கே பெரிதாக ஒன்று, பக்கத்திலேயே பட்டாணி அளவில் மூன்று. ஒரு ஒழுங்கும் கிடையாது, ஆனாலும் எதையும் இடம் மாற்ற முடியாது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கட்டையை லேத்தில் ஏற்றிவிட்டேன். பச்சை மரம் என்பதால் சீவல் சுருள் சுருளாகத் தலையில் விழுந்தது. சுவரை அப்பள கனத்துக்குக் குடைந்து, ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டேன். முதல் பானை உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது தேறியது, காயும்போது வாய் மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

அணுபுரம் போகிற வழியில் மகள் வீடு கட்டி முடித்திருந்தாள். கிரகப்பிரவேசச் சீரில் இந்தப் பானையை வைக்கப்போகிறேன் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். உடனே சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, போன் செய்தார். உள்கிராமத்து விவசாயக் குடும்பம், இப்போது லாரிகள் ஓடுகின்றன. மனதில் இருப்பதை மடித்து வைத்துப் பேசத் தெரியாதவர்.

"இன்னா சம்பந்தியம்மா இது, பானையா சல்லடையா?"

"நண்டு வளைங்க."

"நண்டு கொழம்புக்கு சரி. புது வூட்டுக்கு ஓட்டப் பான எடுத்தாந்தா காசு நிக்குமா? வாய் வேற கோணலா கீது. வேணாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை வைத்துவிட்டுக் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். "ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்றார். வலித்ததே அங்கேதான். சீரில் மற்ற எல்லாமே கடையில் வாங்கியவை. இருப்பது ஒரே பெண். அவள் வீட்டில் என் கையால் செய்தது ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குடமும் வாங்கினேன். பானையைப் பழைய புடவையில் சுற்றிக் கார் டிக்கியிலும் வைத்தேன். "அம்மா, சண்டை மட்டும் வேண்டாம்மா" என்றாள் மகள். சரி என்று தலையாட்டினேன்.

ஹோமம் முடிந்து, பால் பொங்கி, கூடத்தில் சீர்த்தட்டுகளைப் பரப்பினோம். சம்பந்தியம்மா விரலை நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இரட்டைப்படை. சாக்லேட் தட்டை என் கணவர் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒண்ண எடுத்துட்டா ஒத்தப்படை ஆயிடும்" என்றார் அவர், அடக்கமாக.

"உள்ள வந்த சீர வெளிய எடுக்கறதா? பழத்த ரெண்டு தட்டாப் பிரிச்சாலும் பாதி காலியா நிக்கும். அதெல்லாம் ஆவாது" என்றார் சம்பந்தியம்மா.

"அத்தே, அம்மா கார்ல இன்னொண்ணு இருக்கு" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அந்த நண்டுப் பொந்தா?"

"அதேதாங்க."

தட்டுகளை இன்னொரு தடவை எண்ணினார். "எடுத்தாங்க. ஆனா வெறும் பானையா வெக்கக்கூடாது."

இரண்டு பேரும் பட்டுப்புடவையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். அரிசி போட்டோம், மடியில் கொட்டியது. துவரம்பருப்பும் நிற்கவில்லை. கொட்டைப்பாக்கு பெரிய ஓட்டை வழியாக உருண்டு அடுப்படிக்குப் போனது. "இந்தப் பக்கம் புடிங்க, நான் அந்தப் பக்கம் பொத்திக்கினு கீறேன்" என்று அவர் சொல்ல, நான்கு கை போட்டும் ஓட்டைகள் மிச்சம் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பானையை வெளிச்சத்தில் தூக்கி, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ மெல்லிசுல எப்டி ஓட்ட போட்டீங்க, ஒடையாம?"

"ரெண்டு உடைஞ்சுதுங்க. இது மூணாவது."

"ரெண்டு ஒடஞ்சும் வுடலயா?"

"விடல."

எழுந்து போய் விரலி மஞ்சள் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். கை கையாக அள்ளிப் போட்டார். நின்றது. பானை நிறைய நின்றது. ஓட்டைகளிலிருந்து மஞ்சள் நுனிகள் வெளியே எட்டிப் பார்த்தன.

"பாருங்க, நண்டு கால நீட்டுது" என்றார் சம்பந்தியம்மா, குழந்தை மாதிரி.

அவரே அதைத் தட்டில் வைத்து, குங்குமம் இட்டு, வரிசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். எவர்சில்வர் குடத்தை ஓரமாகத் தள்ளியதும் அவர்தான். சாப்பாட்டுக்கு முன் பக்கத்து மனைக்காரப் பெண்மணி குனிந்து பார்த்து, "எங்க வாங்கினது? இன்னா இவ்ளோ ஓட்ட?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"வாங்கினதில்ல. எங்க வூட்ல செஞ்சது. ஓட்ட வேணும்னே போட்டது. ரெண்டு ஒடஞ்சி மூணாவதா வந்ததும்மா இது."

மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சில் எங்கள் வீடு 'பொண்ணு வூடு'தான், இன்றைக்குத்தான் 'எங்க வூடு' ஆனது. நான் கூடத்தின் நடுவில் நின்று அழுதுவிட்டேன்.

"இன்னா சம்பந்தியம்மா, நல்ல நாளும் அதுவுமா" என்று அதட்டிக்கொண்டே வந்து, என் புடவை மடிப்பில் இன்னும் ஒட்டியிருந்த அரிசியை உதறிவிட்டு, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.